வெட்டியது எது, விட்டுவைத்தது எது: திகில் விஷுவல் நாவலும் ‘சென்சார்’ பதிப்பும்

2025 ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் கடை தன் விதியைத் திருத்தியது. கார்டு நிறுவனங்களும் பணப் பரிவர்த்தனை நிறுவனங்களும் வைத்திருக்கும் விதிகளை மீறக்கூடிய படைப்புகளுக்கு, குறிப்பாகச் சில வகை வயது வந்தோர் கேம்களுக்கு, இனி இடமில்லை என்று சொல்லிப் பல கேம்களை எடுத்துவிட்டது. சிறு படைப்பாளிகள் கூடும் இட்ச்.ஐஓ தளமும் அதே மாதத்தில் வயது வந்தோர் படைப்புகளைத் தன் தேடலிலிருந்து மறைத்தது. அதிலிருந்து ‘சென்சார் பதிப்பு’, ‘எல்லா வயதினர் பதிப்பு’, ‘பேட்ச்’ ஆகிய சொற்கள் கேம் ஆடாதவர்கள் காதிலும் விழ ஆரம்பித்தன.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு தரப்பினர். விடுதியிலிருந்து லீவுக்கு வந்த பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துப்பாக்கிச் சத்தம் எதுவும் இல்லாமல், திரையில் எதையோ படித்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கும் பெற்றோர் ஒரு தரப்பு. ‘விஷுவல் நாவல்’ எனப்படும் இந்தப் படிக்கும் கேமை, அதிலும் திகில் வகையை, வாங்கலாமா, ஆடினால் தாங்குமா என்று யோசிக்கும் பிள்ளைகள் இன்னொரு தரப்பு. கேள்வி ஒன்றுதான்: சென்சார் ஆகிவிட்டதென்றால் அப்புறம் என்ன பயம்?

அந்த வார்த்தையை நம்பி இறங்குவது ஆபத்து. சென்சார் வெட்டுவது பெரும்பாலும் உடம்பைத்தான். மனதைக் குலைக்கும் பகுதி எழுத்தில் இருக்கிறது. அதை யாரும் வெட்டுவதில்லை, வெட்டவும் முடியாது. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## விஷுவல் நாவல் என்பது என்ன

பின்னணியில் ஒரு படம். அதன்மேல் பேசும் ஆளின் உருவம். கீழே ஒரு பெட்டியில் வசனமோ கதை சொல்பவரின் எண்ணமோ வரும். ஒரு கிளிக் செய்தால் அடுத்த வரி. இசையும் சில சமயம் குரலும் சேர்ந்துகொள்ளும். இடையிடையே ‘இதைச் செய்கிறேன்’, ‘அதைச் செய்கிறேன்’ என்று தேர்வு வரும். தேர்வைப் பொறுத்துக் கதை வேறு வேறு பாதையில் போகும். அந்தப் பாதையை ரூட் என்பார்கள், முடிவை எண்டிங் என்பார்கள். நல்ல முடிவும் உண்டு, மோசமான முடிவும் உண்டு. ஒரு முடிவைப் பார்த்தபின் சேவ் செய்த இடத்துக்குத் திரும்பி வேறு பாதையை எடுப்பது இதில் வழக்கம். பெரிய படைப்புகளைப் படித்து முடிக்க முப்பது, ஐம்பது மணி நேரம்கூட ஆகும்.

இதன் பிறப்பிடம் ஜப்பான். 1992ல் சுன்சாஃப்ட் (Chunsoft) நிறுவனம் ‘சவுண்ட் நாவல்’ என்ற பெயரில் எழுத்தும் ஒலியும் சேர்ந்த ஒரு திகில் கதையைச் சூப்பர் ஃபாமிகாம் என்ற கேம் கருவியில் வெளியிட்டது. ‘விஷுவல் நாவல்’ என்ற பெயர் 1996ல் லீஃப் என்ற நிறுவனம் தன் தொடருக்கு வைத்தது. அந்தத் தொடரின் ஆரம்பப் படைப்புகளே இருண்ட கதைகள், வயது வந்தோர் காட்சிகளும் உள்ளவை. திகிலும் காமமும் இந்த வடிவத்தில் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வந்தவை.

அந்தச் சேர்க்கையைக் கண்டு நம்மவர்கள் ‘இதென்ன விபரீதம்’ என்று திகைக்க வேண்டியதில்லை. நம் கலிங்கத்துப்பரணியில் கடைதிறப்பு முழுக்கச் சிருங்காரம். அதைத் தாண்டினால் காளியின் காடு, பேய்கள், போர்க்களத்துப் பிணங்களிலிருந்து காய்ச்சும் கூழ். ஜெயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டில் இரண்டையும் ஒரே நூலில் வைத்தார்.

## பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

சொல்லிப் புரியவைப்பதைவிடக் கதை ஒன்றைக் கட்டிக் காட்டுவது எளிது. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீட்டில் நடக்கும் விஷுவல் நாவல் என்று வைத்துக்கொள்வோம்.

பங்காளிகள் பல ஊர்களில். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொருவர் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த பேரன்தான் நீங்கள். திரையில் முகப்பு, பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. மழை வளவுக்குள் நேராக இறங்குகிறது. ஆயா பேசுகிறார்: “ராசா, சித்தப்பனுக்குச் சோறு வச்சுட்டு வந்துரு.” நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்டுக்குப் போகிறீர்கள். கடைசி அறை. தேர்வு வருகிறது:

1. தட்டை வாசலில் வைக்கிறேன்.
2. கதவைத் தட்டுகிறேன்.

எதை எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அடுத்த நாள் மாலை அதே காட்சி, அதே தேர்வு. நடுவில் கதை கலகலப்பாகப் போகிறது. சந்தைக்குப் போவது, பழைய வெண்கலச் சாமான்களைக் கணக்கெடுப்பது, ஆயாவோடு கேலிப் பேச்சு. மூன்றாம் நாள் உள்ளிருந்து தட்டுகிற சத்தம். நான்காம் நாள் சத்தம் இல்லை. ஐந்தாம் நாள் அதே இடத்தில் புதிதாக மூன்றாவது தேர்வு ஒன்று தெரிகிறது:

3. இடுப்பிலிருக்கும் சாவியை எடுக்கிறேன்.

சாவி உங்களிடம்தான் இருந்திருக்கிறது, முதல் நாளிலிருந்தே. பின்னால் போய்ப் படித்தால் முதல் காட்சியிலேயே ‘இடுப்பில் எதுவோ உறுத்தியது’ என்று ஒரு வரி இருக்கும். அவரை அடைத்து வைத்தது நீங்கள். ஐந்து நாளும் கிளிக் செய்து சோறு வைத்ததும் நீங்கள்.

இந்தக் காட்சியில் ஒரு துளி ரத்தம் இல்லை. ஆடை இல்லாத உடம்பு இல்லை. கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தால் எதை வெட்டுவீர்கள்? வெட்ட ஒன்றுமில்லை. ஆனால் வயதில் சிறியவரோ மனம் தளர்ந்திருப்பவரோ இதைப் படித்தால் பல நாள் தூக்கம் கெடும்.

இந்த வடிவம் பயத்தை உண்டாக்கும் வழிகள் மூன்று.

1. பழக்கம். மணிக்கணக்கில் ஒருவரோடு பேசிச் சிரித்தபின் அவருக்குக் கெட்டது நடக்கும்போது அடி பலமாக விழுகிறது. 2002லிருந்து 2006 வரை எட்டுப் பாகமாக வந்த ‘ஹிகுராஷி’ தொடர் இதற்கு நல்ல சாட்சி. ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டும் வேடிக்கையுமாக நீண்ட நேரம் போய், பிறகு கொடூரத்தில் இறங்கும். அதில் பாலியல் காட்சியே கிடையாது.

2. உடந்தை. சினிமாவில் கொலையைப் பார்க்கிறோம். இதில் ‘ஆம்’ என்று அழுத்தியது நம் விரல். அடுத்த வரியைப் படிக்கவேண்டுமென்றால் நாம்தான் கிளிக் செய்தாக வேண்டும், ராட்டினம் தானாகச் சுற்றி இறக்கிவிடுவதுபோல் இது முடியாது. மேலே சொன்ன சாவிக் காட்சி முழுக்க இந்த வழிதான்.

3. வடிவத்தையே உடைப்பது. 2017ல் டீம் சல்வாட்டோ இலவசமாக வெளியிட்ட ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ பள்ளிக் காதல் கதைபோல ஆரம்பிக்கும். கொஞ்ச தூரம் போனதும் சேவ் கோப்புகளிலும் கணினியில் இருக்கும் கேம் ஃபோல்டரிலும் கதை கை வைக்கும். தற்கொலை அதில் நேரடியாக வருகிறது. சிறுவர்களுக்கும் எளிதில் கலங்குபவர்களுக்கும் ஏற்றதல்ல என்று ஆரம்பத்திலேயே எச்சரித்து விடுவார்கள். வெளித்தோற்றம் என்னவோ இளஞ்சிவப்பு நிறமும் சிரித்த முகங்களும்தான். வீட்டில் யாராவது தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

## ‘சென்சார்’ என்ற ஒரே சொல்லில் நான்கு வேலை

சென்சார் என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் நான்கு வெவ்வேறு வேலைகள். இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம்.

முதலாவது மொசைக். ஜப்பானின் குற்றவியல் சட்டம் 175ஆம் பிரிவு ஆபாசப் பொருளை விநியோகிப்பதைத் தண்டிக்கிறது. எது ஆபாசம் என்று அந்தப் பிரிவு விவரிப்பதில்லை. வழக்குக்குப் பயந்து தொழில்துறையினர் தாங்களாகவே பிறப்புறுப்பின்மேல் மங்கலான கட்டங்களைப் போடுகிறார்கள். கணினி கேம்களுக்காக 1992ல் அமைந்த சோஃப்ரின் என்ற அமைப்பு இதைக் கண்காணிக்கிறது. வரைந்த படம் என்பதால் விலக்கு இல்லை. மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை ஒன்றை ஆபாசம் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றமே 2007ல் உறுதி செய்திருக்கிறது. மொசைக் போட்டபின் காட்சி அப்படியேதான் இருக்கும். நடப்பது வன்கொடுமை என்றால் அது வன்கொடுமையாகவே இருக்கும், ஓர் உறுப்பு மட்டும் மங்கலாகத் தெரியும். ‘சென்சார் செய்தது’ என்ற சொல் ஏமாற்றுவதில் இதுவே முதலிடம்.

இரண்டாவது, காட்சியையே எடுத்துவிடுவது. கணினியில் வயது வந்தோருக்கென வந்த கதையை பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் போன்ற கன்சோலுக்குக் கொண்டுபோகும்போது பாலியல் காட்சிகளை நீக்கி எழுதுவார்கள். 2002ல் தொடங்கிய செரோ என்ற அமைப்பு ஜப்பானில் கன்சோல் கேம்களுக்கு வயதுக் குறி கொடுக்கிறது. அதில் மிக உயர்ந்தது இசட், அதாவது 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு மட்டும். அந்தக் குறியிலும் வெளிப்படையான பாலியல் காட்சிக்கு இடமில்லை. வன்முறைக்கு நிறையவே இடம் உண்டு.

டைப்-மூன் 2000ல் வெளியிட்ட ‘சுகிஹிமே’யை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக்காட்டேரிக் கதை, வயது வந்தோர் காட்சிகள் உண்டு. 2021ல் புதிதாக எழுதி வரைந்த பதிப்பில் அந்தக் காட்சிகள் கிடையாது. அந்தப் பதிப்புக்கும் கிடைத்தது இசட் குறிதான். காமத்தை எடுத்தபின்னும் ரத்தம் எஞ்சி நின்றது.

மூன்றாவது, பாதியை மட்டும் விற்பது. ஸ்டீமில் வெட்டிய பதிப்பு இருக்கும். வெட்டிய பகுதி பேட்ச் என்ற தனிக் கோப்பாக வெளியீட்டாளரின் சொந்தத் தளத்தில் கிடைக்கும். வாங்கியவர் அதை இறக்கி கேம் ஃபோல்டரில் போட்டால் முழுப் பதிப்பாகிவிடும். கடையின் பக்கத்தில் போட்டிருக்கும் குறியை மட்டும் பார்த்து ‘இதில் ஒன்றுமில்லை’ என்று முடிவு செய்ய முடியாததற்கு இது ஒரு காரணம். 2018 செப்டம்பரிலிருந்து ஸ்டீம் வயது வந்தோர் கேம்களை வெட்டாமலே விற்கவும் அனுமதித்தது. தானாகத் தேடியவுடன் அவை தெரியாது. கணக்கின் விருப்பங்களில் போய் டிக் செய்தால்தான் தெரியும்.

நான்காவது, கடை கதவை அடைப்பது. 2022ல் ‘கேயாஸ் ஹெட் நோவா’ என்ற திகில் விஷுவல் நாவலுக்கு இது நடந்தது. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் நடக்கும் கொடூரக் கொலைகளைச் சுற்றிய கதை. ஸ்டீமின் வழிகாட்டுதல்படி மாற்றங்கள் செய்ய வேண்டியிருக்கும், அப்படிச் செய்தால் கதை கெடும் என்று சொல்லி அதன் வெளியீட்டாளரான ஸ்பைக் சுன்சாஃப்ட் வெளியீட்டை நிறுத்துவதாக அறிவித்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு ஸ்டீம் முடிவை மாற்றிக்கொண்டது, அக்டோபரில் கேம் வெளிவந்தது. 2025 ஜூலை மாற்றம் இதைவிடப் பெரியது. இந்த முறை அழுத்தம் கடைக்கும் மேலே, பணம் போகும் பாதையிலிருந்து வந்தது. கார்டு வலைப்பின்னல் ஒத்துழைக்காவிட்டால் இணையக் கடையின் விற்பனை பெரிதும் முடங்கிவிடும். எந்த நாட்டுச் சட்டமும் தடை செய்யாத படைப்பைக்கூட இந்த வழியில் மறையவைக்கலாம். எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. என்ன படிக்கலாம் என்று முடிவு செய்யும் வேலை, யாரும் தேர்ந்தெடுக்காத, யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லாத இடத்துக்குப் போய்விடுகிறது.

## வெட்டினால் கதைக்கு என்ன ஆகும்

ஒரே பதில் கிடையாது. சில கதைகளில் அந்தக் காட்சிகள் விற்பனைக்காகச் செருகியவை. எடுத்துவிட்டால் கதை நேராக ஓடும், வாசகருக்கு நல்லதே நடந்திருக்கிறது.

வேறு சில கதைகளில் அந்தக் காட்சியில்தான் ஒருவர் இன்னொருவர்மேல் அதிகாரம் செலுத்துவது வெளிப்படும். அதைத் தடம் தெரியாமல் எடுத்துவிட்டால், அடுத்த காலையில் அந்தப் பெண் ஏன் பேச்சை நிறுத்திவிட்டாள் என்பதற்கு விளக்கமே இருக்காது. திரை ஒரு நிமிடம் கறுத்து, வெளிச்சம் வரும்போது எல்லாரும் ஒன்றும் நடக்காததுபோல் இருப்பார்கள். கொடுமையை நீக்கியதாக நினைத்து, கொடுமைக்கான சாட்சியை நீக்கிவிடுகிறோம். நல்ல எழுத்தாளர்கள் இதை உணர்ந்து அந்த இடத்தைப் புதிதாக எழுதுகிறார்கள். சோம்பேறிப் பதிப்புகள் கறுப்புத் திரையோடு நிறுத்திக்கொள்கின்றன.

## நம் நாட்டுச் சட்டம்

சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. கேமுக்கு அப்படிச் சான்றிதழ் கொடுக்கும் அரசு வாரியம் இந்தியாவில் இல்லை. பிளே ஸ்டோரில் தெரியும் 12+, 16+, 18+ குறிகள், படைப்பாளி ஒரு கேள்விப்பட்டியலுக்குக் கொடுக்கும் பதிலிலிருந்து வருபவை. ஆன்லைன் கேம் சட்டம் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாடு 2022ல் கொண்டுவந்ததும், நாடாளுமன்றம் 2025ல் நிறைவேற்றியதும் முக்கியமாகப் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றியவை. விஷுவல் நாவலோடு அவற்றுக்குச் சம்பந்தம் கிடையாது.

சம்பந்தம் உள்ளவை இவை:

1. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவு, மின்வடிவில் ஆபாசத்தை வெளியிடுவதையும் அனுப்புவதையும் தண்டிக்கிறது. முதல் முறை மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். வெளிப்படையான பாலியல் செயல் என்றால் 67ஏ, ஐந்து ஆண்டு வரை, பத்து லட்சம் வரை. வயது வந்த ஒருவர் தன் அறையில் தனியே படிப்பது இந்தப் பிரிவுகளில் வராது. ஆனால் பேட்ச் கோப்பை விடுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவது ‘அனுப்புவது’. நண்பனுக்கு உதவி செய்வதாக நினைத்துச் செய்யும் இந்தக் காரியம்தான் மாணவர்களைச் சிக்கவைக்கக்கூடியது.

2. குழந்தைகளைப் பாலியல்ரீதியாகக் காட்டும் படைப்பு என்றால் நிலைமை முற்றிலும் வேறு. 67பி பிரிவின்படி தேடுவது, பார்ப்பது, இறக்குவதுகூடக் குற்றம். போக்சோ சட்டத்தில் 2019ல் சேர்த்த வரையறை, உருவாக்கியதோ மாற்றியதோ, குழந்தையைக் காட்டுவதுபோல் ‘தோன்றும்’ படத்தையும் உள்ளடக்குகிறது. இத்தகைய படைப்பை வைத்திருப்பதையும் பார்ப்பதையும் எவ்வளவு கடுமையாகப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் விரிவாகச் சொல்லிவிட்டது. ‘கதாபாத்திரங்கள் அனைவரும் 18 வயது கடந்தவர்கள்’ என்று பல விஷுவல் நாவல்கள் முதல் திரையில் போடும். படத்தில் பள்ளிச் சிறுமி தெரிந்தால் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அப்படிப்பட்ட காட்சி உள்ள படைப்பின் பேட்சைத் தேடிப் போக எந்த நியாயமும் இல்லை. கதை எவ்வளவு பெரிய பாராட்டைப் பெற்றிருந்தாலும் சரி.

## வாங்குவதற்கு முன்

‘சென்சார்’, ‘எல்லா வயதினர்’ என்ற முத்திரையைத் தாண்டி, ஸ்டீமில் கடைப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் படைப்பாளியே எழுதிய உள்ளடக்க விவரத்தைப் படியுங்கள். தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, குழந்தைமீதான கொடுமை, வன்கொடுமை ஆகிய சொற்கள் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கதை முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்று சிலர் தயங்குவார்கள். தெரிந்தால் தெரியட்டும். ஒரு திருப்பம் கெடுவதைவிட ஒரு மாதத் தூக்கம் கெடுவது பெரிய நஷ்டம்.

பெற்றோர் செய்யக்கூடியது: ஸ்டீமின் குடும்ப வசதியில் பிள்ளையின் கணக்குக்குக் கட்டுப்பாடு வைக்கலாம். அதைவிடப் பயன்படுவது, “இது என்ன கதைப்பா, எனக்கும் சொல்லேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. அதட்டிப் பிடுங்கினால் அடுத்த முறை கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவார்கள், மனம் கலங்கினால் யாரிடமும் சொல்லமாட்டார்கள். ஏற்கெனவே மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை என்றால் இத்தகைய கதைகளைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். படித்து முடித்தபின் கலக்கம் நாள்கணக்கில் விடாமல் இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம், எழுத நினைப்பவர்களுக்கும் ஒரு விஷயம் உண்டு. ரென்’பை என்ற இலவச மென்பொருளில் ஒரு லேப்டாப், சில புகைப்படங்கள், ஒரு கதையோடு விஷுவல் நாவல் செய்துவிட முடியும். செட்டிநாட்டு வீடுகள் இந்த வடிவத்துக்கென்றே கட்டியவைபோல இருக்கின்றன. முகப்பிலிருந்து தோட்டம் வரை ஒரே நேர்கோட்டில் வாசலுக்குப் பின் வாசல், ஒவ்வொரு வாசலிலும் ஒரு தேர்வு வைக்கலாம். படம் எடுக்கும் வீட்டுக்கு எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள். கதை வெளியாகும்போது எச்சரிக்கையை மழுப்பாமல் எழுதுங்கள். ‘சில காட்சிகள் சிலரைப் பாதிக்கலாம்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘ஒருவரைப் பல நாள் அறையில் அடைத்துவைப்பது வருகிறது, பசியால் சாவது வருகிறது, பாலியல் காட்சி இல்லை’ என்று எழுதினால் வாங்குபவர் தானே முடிவு செய்துகொள்வார்.